பணி எண் 214-க்கு நிறுத்தப்பட்ட பிரசவச் சேமிப்பு

அனுப்புநர்
பணி எண் 214-இன் தங்கை (வயது 17),
மாடி அறை, சலவைக்கூடத்தின் பின்தெரு.

பெறுநர்
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
தொழிலாளர் நல அலுவலகம்.

பொருள்: இறந்து பிறந்த குழந்தை உயிருடன் பிறந்ததாகப் பதிவானது என் தவறு, என் அக்காவின் தவறன்று எனத் தெரிவித்தல், அவருடைய பிரசவச் சேமிப்பையும் விடுப்பையும் வழங்க உத்தரவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் இதற்கு முன் எந்த அலுவலகத்துக்கும் மனு எழுதியதில்லை. முறை தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. என் அக்கா ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறார். ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் செலுத்துவது அவர் வேலை. எட்டு மணி நேரமும் நின்றபடியே செய்ய வேண்டும். அவர் கணவர், அதாவது என் மாமா, வெளியூரில் கட்டட வேலையில் இருக்கிறார். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்.

2. சலவைக்கூடத்தில் பிரசவச் சேமிப்பு என்று மாதம் ஒரு நாள் கூலியைப் பிடித்தம் செய்கிறார்கள். நிர்வாகமும் அதே அளவு போடும். பிரசவம் ஆனதும் மொத்தத்தையும் கொடுத்து, கூலியில்லாமல் ஆறு வார விடுப்பும் தருவது விதி. அக்கா மூன்று ஆண்டுகளாகக் கட்டியிருக்கிறார். இரு பங்கும் சேர்ந்து எழுபத்திரண்டு நாள் கூலி.

3. இந்தத் தொகைக்குள் எல்லாவற்றையும் முடிக்க நான்தான் நோட்டில் திட்டம் போட்டேன். அக்கா எதையும் நாள் கூலியில்தான் எண்ணுவார், அதனால் அப்படியே எழுதினேன். மருத்துவமனைக்கு இருபது. மருந்துக்கு ஆறு. வண்டிக்கு ஒன்று. குழந்தைத் துணிக்கு நான்கு, தொட்டிலுக்கு ஐந்து. விடுப்பில் இருக்கும் ஆறு வாரத்துக்கு வாடகையும் சாப்பாடும் முப்பத்தாறு. கூட்டினால் சரியாக எழுபத்திரண்டு வந்தது. அக்கா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, ஒண்ணுகூட மிச்சம் வைக்கலையே! உனக்கு ஒரு செருப்பு வாங்கலாம்னு நெனச்சேனே" என்று சிரித்தார்.

4. எங்கள் கூடத்தில் யாரும் பிரசவத்துக்கு முன் விடுப்பு எடுப்பதில்லை. முன்னால் எடுக்கும் ஒவ்வொரு நாளும் பின்னால் குறையும். அக்காவும் வலி வந்த அன்று மதியம் வரை உருளையருகே நின்றார். அதனால்தான் இப்படி ஆயிற்று என்று மருத்துவர் சொல்லவில்லை. நானும் அப்படிப் புகார் செய்ய வரவில்லை. ஆனால் விடுப்பு முழுவதையும் பின்னால் தள்ளித் திட்டம் போட்டவள் நான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

5. இம்மாதம் முதல் தேதி இரவு குழந்தை இறந்து பிறந்தது. பெண் குழந்தை. மருத்துவமனைக் கட்டணத்துக்காக மாமா தன் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கட்டினார். அதனால் இரண்டு நாளுக்கு மேல் அவரால் இங்கே தங்க முடியவில்லை.

6. நான்காம் தேதி சனிக்கிழமை மருத்துவமனைச் சீட்டை எடுத்துக்கொண்டு சலவைக்கூட அலுவலகத்துக்குப் போனேன். அது கூலி வாங்கும் நாள். வரிசை வாசல் வரை நின்றது. குமாஸ்தா ஐயா நல்லவர். என்னைப் பார்த்ததுமே, "வா வா, என்ன குழந்தை?" என்று கேட்டார். நான் "பொண்ணு" என்றேன். அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன். அதற்குள் அவர் மேசையைத் தட்டி, "நம்ம இருநூத்திப் பதினாலுக்குப் பொண்ணு பொறந்திருக்கு!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். வரிசையில் நின்ற எல்லோரும் கைதட்டினார்கள். மடிப்புப் பிரிவில் வேலை செய்யும் அம்மா ஒருவர் என் கன்னத்தைக் கிள்ளி, "சித்தி ஆயிட்டியேடி, இனிமே உனக்குத் தூக்கம் ஏது?" என்றார். அத்தனை பேர் முகத்தைப் பார்த்து என்னால் வாய் திறக்க முடியவில்லை. சீட்டு என் கையிலேயே இருந்தது. குமாஸ்தா ஐயா பதிவேட்டில் "பெண், உயிருடன்" என்று எழுதினார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

7. மறுநாள் விடுமுறை. திங்கட்கிழமை அலுவலகம் திறக்கும் முன்பே போய்க் காத்திருந்து, குமாஸ்தா ஐயாவிடம் சீட்டைக் கொடுத்து உண்மையைச் சொன்னேன். அவர் சீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு என்னை மேலாளரிடம் அழைத்துப் போனார். மேலாளர், "சனிக்கிழமை உயிரோட இருந்துச்சு, இன்னிக்கு இல்லையா? காசுக்காக என்ன வேணா சொல்லுவீங்களா?" என்று கேட்டார். பொய்த் தகவல் தந்ததால் சேமிப்பை நிறுத்துவதாகச் சொன்னார். விடுப்பைப் பற்றிக் கேட்டதற்கு, "பாத்துக்கப் புள்ளையே இல்லாதப்ப லீவு எதுக்கும்மா?" என்றார். வருகிற திங்கட்கிழமை அக்கா உருளைக்குத் திரும்பாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போடுவார்களாம்.

8. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் தங்களுக்குத் தெரிய வேண்டும். அக்காவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. பால் கட்டி வலிக்கிறது. துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்திருக்கிறார். மாடிப்படி இறங்கினால் தலைசுற்றுகிறது. குழந்தை உயிரோடு இருந்திருந்தால் என்னென்ன நோவு இருக்குமோ அத்தனையும் இப்போதும் இருக்கிறது. அக்காவுக்கு என்மேல் கோபமில்லை. "நீ என்னடி செய்வ, நானா இருந்தாலும் தலையாட்டியிருப்பேன்" என்கிறார். திங்கட்கிழமை வேலைக்குப் போவதாகவும் சொல்கிறார்.

9. ஆகவே, பதிவேட்டில் உள்ள தவறு என்னால் நேர்ந்தது என ஏற்று, அதைத் திருத்தச் செய்யவும், அக்காவுக்கு ஆறு வார விடுப்பும் சேமிப்பும் கிடைக்கச் செய்யவும் வேண்டுகிறேன். எழுபத்திரண்டு நாள் கூலியில் தொட்டிலுக்கான ஐந்தைக் கழித்துக்கொள்ளலாம். கடனுக்குத் தந்திருந்த கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் தொட்டிலைத் திரும்ப எடுத்துக்கொண்டார். துணிக்கான நான்கைக் கழிக்க வேண்டாம். குழந்தைக்கு அதைத்தான் உடுத்தி அனுப்பினோம்.

10. தண்டனை உண்டென்றால் அதை எனக்குத் தரவும். விசாரணைக்கு அழைத்தால் வருகிறேன். கூலி நாளாக இருந்தாலும், வரிசை முழுவதும் நின்றாலும், இந்த முறை முழுவதையும் வாயால் சொல்கிறேன். தங்கள் உத்தரவு திங்கட்கிழமை காலை ஏழு மணிச் சங்குக்கு முன் வர வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் அக்கா உருளையருகே நின்றுகொண்டிருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
பணி எண் 214-இன் தங்கை

இடம்: பின்தெரு, மாடி அறை
நாள்: பத்தாம் தேதி, வெள்ளிக்கிழமை

இணைப்பு: மருத்துவமனைச் சீட்டு, நோட்டின் ஒரு பக்கம்