பழைய கணினியும் எழுபத்து நான்காம் ஆண்டுச் சுவரும்

1995 அக்டோபர் 9, திங்கள்

நேற்றிலிருந்து ஒரு கணக்கைப் பதினொரு மணி நேரம் ஓடவிட்டிருந்தேன். இன்று பார்த்தால் கணினி தொடக்கத் திரைக்கே திரும்பி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்கிறது. மின்சாரம் ஒரு நொடி துடித்திருக்கும். இது மூன்றாவது தடவை.

செனோபியா பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "அக்கா, என் பள்ளிக்கூடப் பிள்ளைங்களோட பரீட்சைத் தாளை எப்ப அடிக்கிறது? இந்தப் பெட்டியை நீயே கட்டிக்கிட்டியா?"

"பழைய ஆபீஸ் வேலை ஒண்ணு இருக்கு."

"ரிட்டையராகி நாலு வருஷம் ஆச்சு. இன்னும் என்ன பழைய வேலை?"

தங்கையிடம் சொல்லவில்லை. இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்துக்கு முன் செவெரினோவின் ரொட்டிக்கடைக்குப் போனேன். சில்லறை எடுக்க உள்ளே போனவர் கதவைத் திறந்தே விட்டிருந்தார். அடுப்புக்குப் பின்னால் இருக்கும் கல்சுவரில் ஒரு விரிசல். சாய்வாக, கீழிருந்து மேலே. யாரும் பார்க்காதபோது வீட்டுச் சாவியை நுழைத்துப் பார்த்தேன். பாதி வரை போயிற்று.

அது பொறியாளராக நான் கணக்குப் போட்ட சுவர். 1974. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம். என் முதல் கையெழுத்து அதில்தான். ஏழு மீட்டர் உயரம். சுவருக்குப் பின்னால் மலை. சுவரின் அடியில் பதினொரு வீடுகளும் அந்த ரொட்டிக்கடையும்.

அக்டோபர் 11

அன்று கையால் கணக்குப் போட்டேன். மண் எந்த வளைவில் வழுக்கும் என்று ஆறு வளைவுகளைப் பார்த்துவிட்டு, போதும் என்று நிறுத்தினேன். இப்போது என்னிடம் உள்ள நிரல் நாலாயிரம் வளைவுகளைப் பார்க்கும். ஆனால் இந்தக் கணினியில் தசமக் கணக்குக்கென்று தனி உறுப்பு கிடையாது. ஒவ்வொரு பெருக்கலையும் சுற்றி வளைத்துச் செய்கிறது. மூலைக்கடைக்குப் போக ஊரைச் சுற்றுகிற ஆள் மாதிரி.

சுவருக்குப் பின்னால் தண்ணீர் இல்லாதபோது, கால்வாசி நிற்கும்போது, பாதி நிற்கும்போது, முக்கால்வாசி நிற்கும்போது என்று நாலு தடவை ஓட வேண்டும். நாலு பதினொன்று நாற்பத்துநாலு மணி நேரம். நடுவில் ஒரு துடிப்புக்கூட இல்லாமல். இந்த ஊர் மின்சாரத்தில்!

மழை அடுத்த மாதம் தொடங்கிவிடும்.

என்னால் உட்கார முடியவில்லை. நிற்கவும் முடியவில்லை. இரண்டு முறை தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 14, சனி

லா பாஸில் கணினி உதிரிகள் விற்கும் எலோய் சல்மோன் தெருவுக்குப் போனேன். மேட்டில் ஏறி முடிக்கும்போது மூச்சு வாங்கிவிட்டது. சிப் விற்பவள் பெயர் காசிமிரா. அடுக்கடுக்கான பாவாடை, தலையில் தொப்பி, மடியில் முட்டை அட்டை. முட்டைக் குழிகளில் முட்டைக்குப் பதில் சிப்புகள்.

என் கணினி என்ன ரகம் என்று சொல்லி முடிக்கும் முன்பே, "எஸ்எக்ஸ் தானே? இருபத்தஞ்சு. பாவம், கணக்குத் தெரியாத பொண்ணு அது," என்றாள். "இதை வச்சுக்கோங்க அக்கா. டிஎக்ஸ்-ரெண்டு. கணக்கு உள்ளேயே இருக்கு, வேகமும் டபுள். பலகையை மாத்த வேணாம், பழசைப் பிடுங்கிட்டு இதை உக்கார வச்சா போதும்."

"நானே மாத்தலாமா?"

"கை நடுங்காம இருந்தா மாத்தலாம். மூலையில ஒரு புள்ளி இருக்கு பாருங்க. புள்ளிக்குப் புள்ளி வைக்கணும். திருப்பி வச்சீங்கன்னா புகை வரும். புகை வந்த சிப்பை நான் திரும்ப எடுத்துக்க மாட்டேன்." பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "இவ்வளவு அவசரமா எதுக்கு? பசங்க விளையாட்டுக்கா?"

"ஒரு சுவருக்கு," என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

அக்டோபர் 15, ஞாயிறு

மாற்றிவிட்டேன்.

பெட்டியைத் திறந்ததும் பூனை மயிரும் தூசும். பழைய சிப்பைப் பட்டையான திருப்புளியால் நாலு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினேன். அது எழும்பி வந்தபோது பல் பிடுங்கிய சத்தம் கேட்டது. புதியதைப் புள்ளி பார்த்து வைத்து அழுத்தினால் இறங்க மாட்டேன் என்கிறது. பலகையே வளைகிறது. செனோபியா கண்ணை மூடிக்கொண்டாள். "உடைஞ்சா என் பரீட்சைத் தாள் அம்புட்டும் உள்ள இருக்குடி!" கோபம் வந்தால் அக்காவை 'டி' போடுவாள்.

இறங்கிவிட்டது. புதிய சிப்புக்கு ஏற்றபடி, பலகையில் இணைப்பு மாற்றும் இரண்டு சின்னத் தொப்பிகளை ஒரு முள்ளிலிருந்து இன்னொரு முள்ளுக்கு மாற்றி வைத்தேன். மின்சாரம் கொடுத்தேன். புகை இல்லை. திரையில் புதிய சிப்பின் பெயர் வந்தது.

அறுபதை நெருங்குகிறவள் சமையலறையில் குதித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 16

இருபதாவது நிமிடத்தில் உறைந்துவிடுகிறது. ஐந்து முறை. ஐந்து முறையும் இருபதை ஒட்டி. சிப்பைத் தொட்டு விரலைச் சுட்டுக்கொண்டேன்.

இதுவும் என் முட்டாள்தனமா? எங்கே தப்பு? புள்ளி சரி. முள் சரி. பின்னே?

அக்டோபர் 17

காசிமிரா சிரித்தாள். "அக்கா, இதெல்லாம் கடல் மட்டத்துல உக்காந்திருக்கிறவன் செஞ்சது. அங்க காத்து கனமா இருக்கு, சூட்டைத் தூக்கிட்டுப் போகும். நம்ம லா பாஸ்ல காத்தே இல்லையே! மனுஷனுக்கே மூச்சு வாங்குது, சிப்புக்கு வாங்காதா?" சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் பெரிய அலுமினியச் சீப்பு ஒன்றும் சின்ன விசிறியும் எடுத்தாள். நடுவில் வெள்ளைப் பசை தடவ வேண்டுமாம். "ரொட்டிக்கு வெண்ணெய் தடவுற மாதிரி இல்ல. கஞ்சத்தனமா தடவுங்க."

பொறியாளர் நான். காற்று மெலிந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். எனக்குத் தோன்றவில்லை. இன்னும் என்னென்ன எனக்குத் தோன்றாமல் போயிருக்கிறது?

அக்டோபர் 18, புதன்

முப்பத்தெட்டு நிமிடம்! பதினொரு மணி நேரம் எடுத்த கணக்கு.

இரண்டரை மணி நேரத்தில் நாலும் முடிந்துவிட்டது. மண் தள்ளுவதைப்போல் எத்தனை மடங்கு சுவர் தாங்கும் என்பதுதான் விடை. ஒன்றரை இருந்தால் நிம்மதி. ஒன்றுக்குக் கீழே போனால் விழும்.

தண்ணீர் இல்லாதபோது ஒன்று புள்ளி ஐந்து இரண்டு. அன்று நான் போட்டதும் கிட்டத்தட்ட இதேதான்.
கால்வாசி: ஒன்று புள்ளி மூன்று ஐந்து.
பாதி: ஒன்று புள்ளி ஒன்று இரண்டு.
முக்கால்: பூஜ்யம் புள்ளி ஒன்பது நாலு.

அன்று நான் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. வடிதுளைகள் இருக்கின்றன, தண்ணீர் வடிந்துவிடும் என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். அந்தத் துளைகளையும் நாலு மீட்டருக்கு ஒன்று என்று வரைந்தேன். இரண்டு மீட்டருக்கு ஒன்று வேண்டும். படிப்பில் சொல்லிக் கொடுத்ததுதான். ஏன் நாலு போட்டேன்? நினைவில்லை. உண்மையாகவே நினைவில்லை.

அக்டோபர் 19

யாரிடமும் சொல்லவில்லை. ரொட்டி வாங்கவும் போகவில்லை.

அக்டோபர் 20

எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மண்ணைக் கொஞ்சம் இறுக்கமாக்கினால்? கல்லைக் கொஞ்சம் கனமாக்கினால்? முப்பத்தெட்டு நிமிடத்துக்கு ஒரு பதில். பதினொரு மணி நேரம் எடுத்திருந்தால் 'இன்னும் தெரியலையே' என்று சொல்லிக்கொண்டாவது இருந்திருக்கலாம். இப்போது அந்தச் சாக்கும் போய்விட்டது.

மதியச் சூப்பின் முன் செனோபியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்."

"அப்ப ஞாயித்துக்கிழமைத் தெருக் கூட்டத்துல சொல்லிடு. இல்ல, நான் சொல்லிடுவேன்."

அக்டோபர் 22, ஞாயிறு

சொன்னேன். தெருக்காரர்கள் கூட்டத்துக்குச் செவெரினோதான் தலைவர். உருண்டை ஆள். புருவத்தில்கூட மாவு. நான் சுவர், தண்ணீர், துளை என்று ஆரம்பித்ததும் கையை உயர்த்தினார்.

"இன்ஜினியரம்மா, இருபத்தோரு வருஷமா நிக்குது அது. எங்கப்பா செத்துட்டார், சுவர் சாகல. இப்ப உங்க பொட்டி சொல்லுதுன்னு நான் அடுப்பை நகத்தணுமா? புனிதர் திருநாளுக்குப் பத்து நாள்தான் இருக்கு. ஊருக்கே பொம்மை ரொட்டி நான்தான் சுடுறேன்!"

பின்வரிசையில் யாரோ, "யார் கட்டினதாம் அந்தச் சுவரை?" என்றார்கள்.

"நான்தான்," என்றேன். "கணக்குப் போட்டது நான்தான். தப்பாப் போட்டுட்டேன்."

அதுவரை சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சிரித்துக்கொண்டே இருந்திருக்கலாம். ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்பதுபோல.

அக்டோபர் 25

பழைய அலுவலகத்துக்குப் போனேன். என் நாற்காலியில் இருக்கும் பையன் மரியாதையாகத்தான் பேசினான். மனு எழுதிக் கொடுங்கள், வரிசையில் வரும் என்றான். எப்போது? "ஏப்ரல்ல பாக்கலாம் மேடம்." ஏப்ரலில் மழை முடிந்துவிடும்.

நவம்பர் 4, சனி

நம்ப முடியவில்லை. செவெரினோ வீட்டுக்கு வந்தார். திருநாள் வியாபாரம் முடிந்து கண்ணெல்லாம் சிவந்திருந்தது. செனோபியா கடைக்குப் போய் அவரிடம் என்ன பேசினாள் என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

"அந்தப் பொட்டியை எனக்குக் காட்டுங்க. நானே எண்ணு போடுறேன். நீங்க போட்டா நம்ப மாட்டேன்."

போட்டார். ஒரு விரலால். தண்ணீர் முக்கால். நாற்காலியில் சாய்ந்து, "எவ்வளவு நேரம்?" என்றார்.

"முப்பத்தெட்டு நிமிஷம்."

"ரெண்டாவது ஈடு ரொட்டி வேகுற நேரம்தான். இருக்கேன்."

இருந்தார். செனோபியா தேநீர் கொடுத்தாள். விசிறி ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. எண் வந்தது. அதே பூஜ்யம் புள்ளி ஒன்பது நாலு. பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினார். "துளைங்களை எங்கப்பாதான் அடைச்சார். கடைக்குள்ள தண்ணி வருதுன்னு சிமெண்டு வச்சுப் பூசினார். நான்தான் கலவை குழைச்சேன்."

எனக்குத் தெரியாது. தெரிந்ததும் ஒரு நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"அதைத் திறந்துவிட்டா எவ்வளவு வரும்? போடுங்க." போட்டோம். போதவில்லை. "நடுவில இன்னும் பதினாலு போட்டா?" போட்டோம். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. ஒன்று புள்ளி மூன்று எட்டு.

"அதான் சரி," என்று எழுந்தார். "திங்கக்கிழமை ஆள் கூட்டிட்டு வரேன். ஆனா அடுப்பை இப்ப நகத்த முடியாது. பிப்ரவரியில கார்னிவல் திருவிழா முடியட்டும்."

"அடுப்புக்குப் பின்னாலதான் விரிசலே இருக்கு."

"கார்னிவல் முடியட்டும்னேன்."

நவம்பர் 19

பன்னிரண்டு துளைகள் திறந்துவிட்டன. பழைய துளை ஒன்றில் சிமெண்டை உடைத்ததும் கறுப்புத் தண்ணீர் பீறிட்டு, உளி பிடித்தவரின் கால்சட்டையை நனைத்தது. இன்னும் மழையே வரவில்லை! இத்தனை நாளும் உள்ளே நின்றிருக்கிறது.

என்னை யாரும் திட்டவில்லை. பேசவும் இல்லை. நான் குடத்தில் கொண்டுபோன எலுமிச்சைச் சாற்றை மட்டும் குடித்தார்கள்.

டிசம்பர் 10

அடுப்புக்குப் பின்னால் ஆறு மீட்டர் தவிர எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஆறு மீட்டரை மட்டும் தனியாகக் கணக்குப் போட்டேன். எண்ணை இங்கே எழுதவில்லை. செவெரினோவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு மாவு பிசையப் போனார். வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டார். "ரெண்டு நாள் விடாம மழை பெஞ்சா அடுப்பை அணைச்சுட்டு எல்லாரையும் வெளிய அனுப்பிடுறேன். அதுக்கு மேல கேக்காதீங்க."

1996 ஜனவரி 16

மூன்றாம் நாள் மழை. துளைகளிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. நாலு முறை போய்ப் பார்த்தேன். குடை கிழிந்துவிட்டது. அடுப்பு இன்னும் எரிகிறது. புகைபோக்கியைப் பார்த்தாலே தெரிகிறது. போய்க் கத்தினேன். அவரும் கத்தினார். "அடுப்புல முன்னூறு ரொட்டி இருக்கு!"

இருக்கட்டுமே ஐயா. உங்க ரொட்டி, உங்க அடுப்பு, எல்லாம் இருக்கட்டும். நீங்க அங்க இருக்காதீங்க.

ஜனவரி 17, புதன்

காலை பத்து மணிக்குப் புகை நின்றது. கடைப் பையன்கள் இருவரும் செவெரினோவின் மனைவியும் தட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலுக்கு வந்தார்கள். கடைசியாக அவர் வந்தார், பூட்டிவிட்டு. பூட்டினார்!

பதினொன்றே கால். சத்தம் என்று சொல்ல முடியாது. தரை ஒரு முறை விக்கியது. ஆறு மீட்டர் சுவரும் பின்னால் இருந்த மண்ணும் கடைக்குள் இறங்கின. கூரைத் தகரம் காகிதம் மாதிரி மடிந்தது. அந்த ஆறு மீட்டருக்கு இரண்டு பக்கமும் சுவர் நிற்கிறது. துளைகளில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

யாருக்கும் ஒன்றுமில்லை. யாருக்கும் ஒன்றுமில்லை. மறுபடி எழுதுகிறேன், யாருக்கும் ஒன்றுமில்லை.

செவெரினோ மழையில் தெரு நடுவே நின்றார். கையில் கடைச் சாவி. பக்கத்தில் போனேன். "உங்க சுவர் என் அடுப்பைத் தின்னுடுச்சு," என்றார். அழுதார். நானும்தான்.

ஜனவரி 29

செனோபியா பரீட்சைத் தாள்கள் அடித்துக்கொண்டிருக்கிறாள். கணினியை அவளுக்கே விட்டுவிட்டேன். உள்ளே நுழைந்தாலே அந்த விசிறிச் சத்தம் காதில் குத்துகிறது. மூன்று நாள் வெளியே போகவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

செவெரினோ வந்தார். சுவரின் படம் வரைந்த தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"விழுந்த இடத்துல புதுச் சுவர் எழுப்பணும். தெருக்காரங்க எல்லாரும் கல் தூக்குறாங்க. கணக்கு நீங்க போடுங்க."

"வேற இன்ஜினியர்கிட்ட போங்க செவெரினோ. நல்லவங்க நாலு பேர் பேரு தரேன்."

"அவங்களுக்கு எங்க தப்பு நடந்ததுன்னு தெரியாது. நமக்குத்தான் தெரியும்." படத்தை மேசையில் விரித்தார். சுருளாமல் இருக்க ஒரு பக்கம் சர்க்கரை டப்பாவையும், மறுபக்கம் தன் கையையும் வைத்தார்.

செனோபியா கணினி முன்னிருந்து எழுந்து நாற்காலியை விட்டாள்.

உட்கார்ந்தேன். முதல் எண்ணைக் கேட்டது நிரல்: தண்ணீரின் உயரம். முழு உயரத்தையும் போட்டேன். செவெரினோ இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.