எத்தனை பேருக்கு வீடு

மார்ச் 3, செவ்வாய்

இன்று நான்கு டி.சி. எழுதினேன். பள்ளியை விட்டுப் போகிற பிள்ளைகளுக்கு மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பது பதினாலு வருஷமாக என் வேலை. பெயர், பிறந்த தேதி, கடைசியாகப் படித்த வகுப்பு, விலகும் காரணம். காரணம் முக்கால்வாசி 'தந்தையின் பணி மாற்றம்'தான். அந்த வரி வந்தால் பேனா தானாக ஓடும்.

மதியம் அவர் போன் செய்தார். அவருக்கு வெளியூருக்கு மாற்றலாகி எட்டு மாதம் ஆகிறது. நானும் மகளும் இன்னும் இங்கேதான். "நல்ல ஏரியாவா பாரு. குடும்பங்க இருக்கிற ஏரியா. பக்கத்துல நல்ல ஸ்கூல் இருக்கணும்." சுவரில் ஒட்டிய நோட்டீஸைப் பார்த்து வாசிக்கிற மாதிரி இருந்தது. சரி என்றேன். எப்போது வர வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

இன்று எத்தனை தடவை 'சரி' சொன்னேன் என்று எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. அதில் இரண்டு மகள் கேட்ட எதற்கோ. எதற்கென்று ஞாபகமில்லை.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா பேசினாள். "ஏண்டி, கல்லு மாதிரி உக்காந்திருக்கியே, ஆம்பளைய எட்டு மாசம் தனியா விட்டிருக்கே, ஒரு தடவ போய்ப் பாத்தியா?" அவள் நினைப்பது வேறு. அதெல்லாம் இல்லை. இன்னொருத்தி வேண்டுமென்றால் அவளிடமும் பேச வேண்டுமே, அவருக்கு அதுவே பெரும்பாடு.

நடந்திருப்பது வேறு. முன்பெல்லாம் மேனேஜர் தும்மினால்கூட எனக்கு வந்து சொல்வார். இப்போது "மழை பெஞ்சுதா?" என்று கேட்கிறார். பெய்தது என்றால் "ம்" என்கிறார். பெய்யவில்லை என்றாலும் "ம்"தான்.

அக்கா போனை வைத்த பிறகு அழ வேண்டும் போல இருந்தது. வரவில்லை. துணி மடித்து வைத்தேன்.

மார்ச் 14, சனி

ஐந்து மணி நேர ரயில். மகளும் கூட வந்தாள். எங்கள் பள்ளியிலேயே நாலாம் வகுப்பு படிக்கிற அவளை நான் வாலு என்றுதான் கூப்பிடுவேன். வழியெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுப் புரோக்கர் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். முதல் கேள்வி: "எத்தனை பேர் மேடம்?"

"மூணு பேர்."

எல்லோரும் பள்ளிக்கூடத்தை வாசலில் நின்று பார்ப்பார்கள். நான் உள்ளேயிருந்து பார்த்துப் பழகியவள். பலகையில் எழுதியிருக்கும் மார்க்கெல்லாம் எனக்கு வேண்டாம். பிள்ளைகள் தொலைத்த சாமான்களை எங்கே போட்டு வைக்கிறார்கள் என்று மட்டும் பார்ப்பேன். அதில் தெரிந்துவிடும்.

முதல் ஏரியாவில் எல்லாம் புதுக் கட்டடம். ஊஞ்சல் போட்ட பூங்கா, அகலமான நடைபாதை. புரோக்கர் "ஃபேமிலிங்களுக்குன்னே கட்டினது மேடம்" என்றார். பள்ளி ஆபீஸில் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள், கிளார்க் தலையைத் தூக்கவே இல்லை. தொலைந்த சாமானெல்லாம் ஒரு சாக்குக்குள் கிடந்தது. இரண்டாவது ஏரியா அவருடைய ஆபீசுக்குப் பக்கம். பள்ளி ஒரு கடைக்கு மேலே இருந்தது, விளையாட்டு இடம் மொட்டை மாடி. தெருவில் ஒரு சைக்கிள்கூடக் கண்ணில் படவில்லை.

மூன்றாவது, பெரிய தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருக்கிற நாலைந்து தெரு. கொடியில் காய்கிற துணியைப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு ஒரே நிறத்தில் குட்டிக் குட்டிச் சட்டைகள். பள்ளி ஆபீஸ் அரை நாள் திறந்திருந்தது. ஓர் அலமாரியில் தண்ணீர் பாட்டில்கள், தொப்பிகள், ஒவ்வொன்றிலும் துண்டுச் சீட்டு. ஒற்றை ஷூ ஒன்றில் 'மைதானம், புதன், மூன்றாவது பீரியடுக்குப் பிறகு' என்று எழுதியிருந்தது. இங்கே பிள்ளையை விடலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். சந்தோஷம் என்று எதுவும் இல்லை. ஒரு பதிவு சரியாக இருந்தால் டிக் போடுவோமே, அது மாதிரி.

அவர் மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்துகொண்டார். ஒவ்வொரு வீட்டிலும் "நல்லாயிருக்கு" என்றார். கூரையில் ஈரம் படர்ந்த வீட்டையும் அதே குரலில் நல்லாயிருக்கு என்றார். புரோக்கர் என் பக்கம் குனிந்து, "சார் மாதிரி நாலு பேர் கிடைச்சா நான் இந்நேரம் ரிட்டயர் ஆயிருப்பேன் மேடம்" என்றார்.

பிறகு அவர் தங்கியிருக்கும் அறைக்குப் போனோம். அதைத்தான் எழுத வேண்டும். ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர். நாங்கள் வருவது பத்து நாளைக்கு முன்பே தெரியும். முதலில் வாலு சாப்பிட்டாள், அவர் தட்டைக் கழுவினார், நான் சாப்பிட்டேன், திரும்பக் கழுவினார், அவர் சாப்பிட்டார். அவசரமே இல்லாமல், நன்றாகத் தேய்த்துத்தான் கழுவினார். இன்னும் இரண்டு தட்டு வாங்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அது கெட்ட எண்ணம்கூட இல்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் அல்லவா?

மார்ச் 20, வெள்ளி

தொட்டிக்குப் பின்னால் உள்ள வீட்டைப் பற்றிச் சொன்னேன். மாடி வீடு, பள்ளிக்கு ஏழு நிமிஷ நடை. "அது எனக்கு ஆபீஸ்ல இருந்து அம்பது நிமிஷமாச்சே" என்றார். ஆபீஸ் பக்கம் பள்ளி சரியில்லை என்றேன். "அடுத்த வருஷம் பாத்துக்கலாமா?" என்றார்.

சரி என்றேன்.

மார்ச் 27, வெள்ளி

இதை எப்படி எழுதுவது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வருஷக் கடைசி. மேஜையில் டி.சி. கேட்டு வந்த கடிதங்கள் முப்பத்தொன்று. ஒவ்வொரு கடிதமாக எடுத்து, அட்மிஷன் ரிஜிஸ்டரைப் பார்த்து, பெயரும் பிறந்த தேதியும் சரிபார்த்து எழுதினேன். எண் போட்டேன், சீல் வைத்தேன். கட்டாகத் தலைமை ஆசிரியையிடம் போய்க் கையெழுத்தாகி வந்தது. காலியான இடங்களின் பட்டியல் மதியம் பலகையில் ஏறிவிட்டது.

மூன்றரை மணிக்குப் பக்கத்து மேஜைக் கணக்கு அக்கா வந்து, "என்னப்பா, சொல்லவே இல்ல, கிளம்பறீங்களா?" என்றாள். எங்கே என்றேன். சான்றிதழைக் காட்டினாள்.

வாலுவின் டி.சி.

அவர் ஜனவரியில் ஆர்வமாக இருந்தபோது கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம். பிறகு பார்க்கலாம் என்று நான்தான் கடிதங்கள் வைக்கிற தட்டிலேயே போட்டு வைத்திருந்தேன். முப்பது பிள்ளைகளுக்கு ரிஜிஸ்டரைப் பார்த்துப் பிறந்த தேதி எழுதியிருக்கிறேன். ஒரே ஒருத்திக்குப் பார்க்காமல் எழுதியிருக்கிறேன். அப்போதுகூட உறைக்கவில்லை! அப்படி எங்கேடி போயிருந்தே நீ?

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "நீயாம்மா? பதினாலு வருஷத்துல ஒரு அடித்தல் திருத்தல் கிடையாதே உங்கிட்ட." காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருந்த குழந்தைக்கு அந்த இடம் போய்விட்டது, அதன் அப்பா வந்து கையெழுத்தும் போட்டுவிட்டார். "வேணும்னா கூடுதலா ஒரு இடம் கேட்டு மேல எழுதிப் பாக்கறேன்" என்றார்.

"வேண்டாம் மேடம்" என்றேன். இது கை தவறி வந்ததில்லை, வாயால் சொன்னது. ஏன் சொன்னேன்?

மார்ச் 28, சனி

அவரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார். "இப்ப என்ன பண்றது?" என்றார்.

'கிளம்பி வாங்க.' இரண்டே வார்த்தை. அதை அவர் சொல்லக் காத்திருந்தேன். அவர் பக்கம் ஒரு பஸ் போகிற சத்தம் கேட்டது.

மார்ச் 29, ஞாயிறு

வாலுவிடம் சொன்னேன்.

"அப்ப நான் இப்ப எந்த ஸ்கூல்லயும் இல்லையா?"

"இல்ல."

"ஜாலி." கட்டிலில் இரண்டு குதி குதித்தாள். அப்புறம் இறங்கி வந்து, "யாராவது எங்க படிக்கறன்னு கேட்டா என்னம்மா சொல்றது?" என்றாள்.

ஏப்ரல் 4, சனி

மறுபடி ரயில். அவருக்கு ஆபீஸில் வேலையாம்.

மாடி வீட்டுக்காரம்மா ரிட்டயரான நர்ஸ். நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. "எத்தனை பேரு?" மூணு என்றேன். வாலு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வீட்டுக்காரர் வரலையா?" வேலை என்றேன். நர்ஸம்மா குழாயைத் திறந்து தண்ணீர் வருகிற வேகத்தைக் காட்டினார்.

பள்ளி ஆபீஸ். பதினாலு வருஷம் கழித்துக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். இவ்வளவு உயரமாக இருக்கும் என்று தெரியாது. எங்கள் பள்ளிக்கு வருகிற அம்மாக்களெல்லாம் ஏன் எக்கி எக்கிப் பேசினார்கள் என்று இப்போது புரிகிறது. கிளார்க் என் வயசுக்காரி, விரலில் மை. டி.சி.யை வாங்கிப் பார்த்தவள், "கையெழுத்து எவ்வளவு நல்லாயிருக்கு" என்றாள்.

"நான் எழுதினதுதான்."

நிமிர்ந்து பார்த்தாள். "உங்க பொண்ணுக்கு நீங்களேவா?" ஆமாம் என்றேன். அவள் உள்ளே போய் ஒரு ஸ்டூலை எடுத்து வந்து என் பக்கம் போட்டாள். இடம் கிடைத்துவிட்டது. அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறோம் என்பதற்கு வீட்டு ஒப்பந்தம் காட்டினால் போதும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அவரே போன் செய்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்போதே தெரிந்துவிட்டது.

"வார நாள்ல நான் இந்த ரூம்லயே இருந்துக்கறேன். போக அம்பது, வர அம்பது, முடியாது. சனி ஞாயிறு வந்துடறேன். நீங்க நல்ல ஏரியால இருங்க."

சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். வேறு வந்தது. "நாங்க வர்றது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்கலன்னு இல்ல. தனியா பழகிடுச்சு."

பொய் சொல்லவில்லை, அந்த மட்டுக்கும் சரி. சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன். பழகிப்போச்சுன்னு சொல்ற ஆளோட என்னன்னு சண்டை போடறது? பிள்ளைக்கு நல்ல பள்ளி, நல்ல தெரு எல்லாம் பார்த்துப் பார்த்துத் தேடினேன். அந்த வீட்டில் மூன்று பேர் இருப்போமா என்று மட்டும் யாரையும் கேட்கவில்லை. அவரையும் கேட்கவில்லை, என்னையும்தான்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 2, சனி

வேலையை விட்டாயிற்று, வீடும் மாறியாகிவிட்டது. லாரிக்காரர்கள் பீரோவை மாடிப்படித் திருப்பத்தில் சிக்கவைத்துவிட்டு அரை மணி நேரம் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அவரும் வந்திருந்தார். ஒரு பக்கம் பிடித்தார், நன்றாகவே உழைத்தார். மூன்று சாவி செய்து வைத்திருந்தேன். ஒன்றைக் கொடுத்தேன். வளையத்தில் ஏறவில்லை. நகத்தால் நெம்பி நெம்பிக் கோத்துக்கொண்டார். வாலு பக்கத்தில் நின்று அது ஏறுகிற வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 19, செவ்வாய்

தெருவில் மாலை ஐந்து மணிக்கு ஒன்பது சைக்கிள். வாலுவுக்கு இரண்டு சிநேகிதிகள், ஒரு எதிரி. ஏரியா தேர்வில் தவறில்லை.

ஜூன் 3, புதன்

பள்ளி திறந்தது. ஏழு நிமிஷம் என்று நான் கணக்குப் போட்டது என் நடைக்கு. அவள் நடைக்குப் பதினொன்று. முதல் நாளே தொப்பியைத் தொலைத்துவிட்டு வந்தாள்.

ஜூன் 5, வெள்ளி

தொப்பி அலமாரியில் இருந்ததாம், சீட்டோடு. ஒரு படிவமும் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள், திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும். 'வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர்' என்று ஒரு கட்டம். மற்றதையெல்லாம் நிரப்பிவிட்டு அதை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 6, சனி

காலை பதினோரு மணிக்கு வாசல் மணி அடித்தது. வாலு அறையிலிருந்து, "யாரோ வந்திருக்காங்கம்மா" என்று கத்தினாள்.

கதவைத் திறந்தேன். அவர். ஒரு கையில் பழப் பை, இன்னொரு கையில் சாவி வளையம். அதில் எங்கள் வீட்டுச் சாவியும் தொங்குகிறது. கையில் சாவியை வைத்துக்கொண்டு மணி அடித்துவிட்டு நிற்கிறார்.

"வாங்க" என்றேன்.

வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வாலு, யாரும் சொல்லாமலே, டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "ஸ்கூல் எப்படி இருக்கு?" என்றார். "நல்லாயிருக்குப்பா" என்றாள். நான் பழத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எத்தனை மாதத்துக்கு அப்புறம்! நெஞ்சு வலித்தது, வலிக்க வலிக்க அழுதேன். பழத்தை மூன்று தடவை கழுவியிருப்பேன்.

மத்தியானம் மூன்று தட்டு வைத்துச் சேர்ந்தே சாப்பிட்டோம். தன் தட்டை அவரே கழுவி வைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கண்ணயர்ந்தார். நான் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, ஒரு தடவை முழுவதும் படித்துப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தில் இரண்டு என்று எழுதினேன். வாலு தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். படிவத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு எழுந்தார். காபி கலந்தேன். சர்க்கரை எவ்வளவு போடட்டும் என்று அவரிடம் கேட்டேன்.