லீவுல என்னத்தத் தின்ன?

ஜூன் 3, செவ்வாய்

ஜெனியிடம் இன்று அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

குளச்சல் பிள்ளை, பதினாறு வயது. கோடை விடுமுறை முடிந்து இன்றுதான் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சிக்கு வந்தாள். நன்றாக வளர்ந்திருந்தாள். கம்பியில் சுழலும்போது கை வழுக்கி மெத்தையில் விழுந்தாள். "ஏட்டி, லீவுல என்னத்தத் தின்ன?" என்றேன், எல்லாப் பிள்ளைகளும் கேட்க.

"சோறும் மீனும்தான் டீச்சர். தின்னாத்தானே சாட முடியும்?" என்றாள். கோபம்கூட இல்லை. மறுபடி ஏறிச் சுழன்று, சாடிக் குதித்து, தள்ளாடாமல் நின்றாள்.

அது சிறுவயதில் எனக்குப் பயிற்சி தந்த மாஸ்டரின் கேள்வி. தினமும் காலையில் எங்களை எடை பார்த்துவிட்டு, "என்னத்தத் தின்ன?" என்று கேட்பார். முள் இறங்க வேண்டுமென்று தண்ணீர்கூடக் குடிக்காமல் போவோம். பதினான்கில் நான் வயதுக்கு வந்ததும், "இனி நீ சரிப்பட மாட்ட" என்று அனுப்பிவிட்டார். இப்போது பிள்ளை பெற்றவர்கள்கூட உலகப் போட்டிகளில் இறங்குகிறார்கள். கணுக்கால் வரை மூடிய உடையும் போடலாம். இதையெல்லாம் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

நாளை ஜெனியிடம் ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்ல?

எனக்கு நாற்பத்து மூன்று வயது. என்னை எடை பார்க்க யாருமில்லை. இன்றும் தட்டில் போட்ட சோற்றில் பாதியை அள்ளிப் பானையில் திரும்பப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன்.