தந்தி வந்த வீட்டுக்குச் சாப்பாடு

மினசோட்டா
நவம்பர் 1944

அன்பு மகன் ஹால்வருக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, பசுக்கள் எல்லாரும் சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று உன் தந்தி சொல்கிறது, ஆனால் கடைசி வரியில். இனிமேல் தந்தி அடித்தால் சௌக்கியத்தை முதலில் போடு, பதக்கத்தைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

ஏன் சொல்கிறேன் என்றால், போருக்குப் பிள்ளையை அனுப்பிய வீட்டுக்குத் தந்தி வந்தால் என்ன அர்த்தம் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். உறையைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. அப்பா தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தார், கறந்து முடிக்கட்டும், அதுவரைக்குமாவது அவருக்கு ஒரு மகன் இருக்கட்டும் என்று அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தந்திக்காரர் வண்டி நம் வாசலில் நின்றதை எதிர்வீட்டு ஓல்கா பார்த்துவிட்டாள் போல, அப்பா வருவதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் ராத்திரிக்குச் சமைத்ததை அப்படியே பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு துக்கத்துக்கு வந்து நிற்கிறார்கள், பாதிரியார் உன் இரங்கல் ஆராதனைக்குப் பாட்டே தேர்ந்தெடுத்துவிட்டார். அப்பா கைகழுவிவிட்டு வந்து பிரித்துப் படித்தார். "பதக்கம் குடுத்திருக்காங்களாம். நல்லா இருக்கானாம்" என்றார். வந்தவர்கள் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செத்தவன் வீட்டில் என்ன பேசுவது என்று நம் ஆட்களுக்குத் தெரியும், பதக்கம் வாங்கினவன் வீட்டில் தெரியாது. போன வசந்த காலத்தில் கப்பலோடு மகனைப் பறிகொடுத்தாளே குட்ரூன், அவள்தான் தன் அரிசிப் பாயசத்தை என் கையில் கொடுத்து, "உசிரோட இருக்கான்ல? அப்ப ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினாள். அங்கே கழுவ ஒன்றும் இல்லை.

விவரமெல்லாம் பத்திரிகையில் வந்தது. விமானம் அடிபட்டுக் கடலில் விழுந்த சிநேகிதனை விட்டுவிட்டு வராமல், எதிரி விமானங்கள் நான்கைத் தனியாளாக விரட்டி, நம் நீர்மூழ்கிக் கப்பல் வந்து அவனைத் தூக்கும்வரை அவன் தலைக்குமேல் உன் விமானத்தில் சுற்றிக்கொண்டே இருந்தாயாம், விமானந்தாங்கிக் கப்பலில் வந்து இறங்கும்போது பெட்ரோல் தீர்ந்து இயந்திரம் நின்றேபோயிற்றாம். "விமானத்துக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று அப்பா கேட்டார். பிறகு அந்தப் பக்கத்தைக் கத்தரித்து ஞாயிற்றுக்கிழமைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார், யாரிடமும் காட்டவில்லை, எடுத்தெடுத்துப் பார்த்து மடிப்பில் கிழிந்துவிட்டது. நேற்று உன் கடிதம் வந்தது. ஃப்ளோரிடாவில் புதுப் பையன்களுக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலை தருகிறார்களாம், நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கப்பலுக்கே திரும்பப் போகிறாயாம். அந்தச் சிநேகிதனின் அம்மா வீட்டு வாசலில் தந்திக்காரர் நிற்காமல் செய்தாயே, அதே உபகாரத்தை எனக்கும் செய். அந்தப் புதுப் பையன்களுக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள், திரும்பி வரத் தெரிந்தவன் சொல்லிக்கொடுக்கட்டும்.

கர்த்தர் உன்னைக் காற்றிலும் தண்ணீரிலும் காப்பாராக. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், அங்கே வெயில் என்று சொல்லி யாருக்காவது கொடுத்துவிடாதே. பதிலை உடனே போடு. இதை அப்பாவுக்குப் படித்துக்காட்டினேன், "பதக்கம் வாங்குனவனப் போய் அதட்டுறியே" என்றார். நான் அதட்டவில்லை ஹால்வர், கெஞ்சுகிறேன்.

இப்படிக்கு
உன் அம்மா
இங்கெபோர்க்