மெட்டில்லாத பாடம்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவும் நலம் என்று எழுத ஆசைதான். அவருக்கு வயிற்றில் குழாய் வைத்தாயிற்று. அடுத்த மாதத்திலிருந்து வீட்டிலேயே டயாலிசிஸ்; அந்தக் குழாய் வழியாகப் பழைய திரவத்தை வடித்துவிட்டுப் புதிதாக விட வேண்டும். செய்யப்போவது நான். ஊசியைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கொள்ளும் நான்! செவிலியர் முன்னால் பிழையில்லாமல் செய்துகாட்டினால்தான் வீட்டில் செய்ய விடுவார்களாம். இல்லையென்றால் அப்பா வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். அதைக் கேட்டதிலிருந்து அவர் முகமே சரியில்லை.

என்னைப் போன்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளத்தானே நீ அந்த டயாலிசிஸ் செய்முறை வீடியோவைச் செய்கிறாய் என்று, வேறு வேலையெல்லாம் ஒதுக்கிவைத்து அதற்கு மெட்டுப் போட்டு அனுப்பினேன். நேற்று நீ அனுப்பிய பிரதியில் ஒரு ஸ்வரம்கூட இல்லை. ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வெட்டக் கூடாதா? மனசு ஆறவில்லை.

உன்,
வாலு


பிப்ரவரி 14

என் செல்ல வாலுவுக்கு,

அவ்வளவு கோபத்திலும் அப்பாவைப் பற்றி முதலில் எழுதினாயே, அது போதும் எனக்கு. உன்னைக் கேட்டிருந்தால் நீ சண்டைக்கு வந்திருப்பாய், எனக்கும் வெட்ட மனசு வந்திருக்காது. அதனால்தான் கேட்கவில்லை.

நோயாளிகளின் வீட்டார் சிலரை உட்காரவைத்து, வீடியோவைக் காட்டி, ஒரு பொம்மையின் வயிற்றில் செய்து பார்க்கச் சொன்னோம். குழாயை இணைக்கும் இடத்தில் உன் மெட்டு மேலே ஏறுமே, அங்கே எனக்கே புல்லரித்தது. அவர்கள் கையும் கூடவே வேகமெடுத்தது. குழாயின் நுனியைத் தொட்டுவிட்டார்கள். தொட்டால் வயிற்றுக்குள் கிருமி போய்விடும். சுமாரான இசையாக இருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்கவே மாட்டார்கள்.

என்னுடையதும் தப்பவில்லை. குரல் சொல்வதையே திரையில் கீழே எழுத்தாகவும் போட்டிருந்தேன். அதைப் படிப்பதில், படத்தில் செய்துகாட்டும் கையைப் பார்க்கத் தவறினார்கள். எடுத்துவிட்டேன். மூலையில் ஆசை ஆசையாக ஒரு சிட்டுக்குருவி வரைந்திருந்தேன், அதையும் விரட்டிவிட்டேன். இப்போது ஒரு கை, ஒரு குரல், அவ்வளவுதான். ஒவ்வொரு படி முடிந்ததும் படம் நிற்கும். கழுவிய கையால் நீ எதையும் தொடக் கூடாது என்பதால், அடுத்த படிக்கான பொத்தானை நோயாளிதான் அழுத்த வேண்டும்.

பார்த்துப் பழகு. பிடிக்கவில்லை என்றால் திட்டி எழுது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 21

அன்புள்ள அக்காவுக்கு,

தேறிவிட்டேன்! செவிலியரம்மா ஒரு குறையும் சொல்லவில்லை.

இன்று வீட்டில் முதல் முறை. ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கை கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பொத்தான் அப்பா கையில். நான் ஒழுங்காகச் செய்தால்தான் அழுத்துவேன் என்று பரீட்சை அதிகாரி மாதிரி கறாராக இருந்தார். இத்தனை நாள் எல்லோரும் அவரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்களே தவிர, அவருக்கென்று ஒரு வேலை யாரும் கொடுக்கவில்லை. நீ கொடுத்திருக்கிறாய்.

குழாயை இணைக்கும் இடத்தில் குரல் நின்றது. அறையில் சத்தமே இல்லை. இரண்டு நுனிகளையும் எதிலும் படாமல் நேருக்கு நேர் கொண்டுவந்தேன். அப்பா அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். நேராக இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு இணைத்தேன். அங்கே என் மெட்டு ஓடியிருந்தால் நானும் அதன் பின்னால் ஓடியிருப்பேன், நான் போட்டதாயிற்றே. எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறாய், அக்கா! சொந்தக் குருவியைக்கூட விட்டுவைக்காத உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

பழைய திரவம் வடிய நேரமாகும். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போது அப்பா, "அவ வெட்டின பாட்டை இப்போ போடேன்" என்றார். போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"வெட்டினது நல்லதுதான்டா. இல்லன்னா இது ஊருக்கெல்லாம் போயிருக்கும். இப்போ எனக்கு மட்டும்."

அந்தக் குருவியையும் அனுப்பிவை. அவர் கட்டிலுக்கு எதிர்ச் சுவர் காலியாக இருக்கிறது.

உன்,
வாலு