வீடியோவுல நீ போட்ட சத்தம்

அன்புள்ள மகனுக்கு,

இங்க எல்லாரும் சுகம், நீயும் சுகமா இருக்கணும்னுதான் எந்த அம்மாவும் எழுதுவா, நானும் எழுதிட்டேன், இனி மிச்சத்தைக் கேட்டுக்கோ. போன்ல பேசினா நீ குறுக்க பேசுவே, அதான் கடுதாசி. நேத்து பாப்பாவுக்குப் பயிற்சி கொடுக்க வர்ற பிசியோதெரபி அம்மா முன்னாடி, வீடியோ கால்ல உன் பொண்டாட்டியை நீ பேசின பேச்சுக்கு எனக்கு இன்னும் உடம்பெல்லாம் எரியுது. வேலைக்கு ஆள் வெச்சா அவங்க செய்யட்டும், நீ எதுக்குத் தரையில உருளுறேன்னு கேட்டியே, அந்தம்மா வாரத்துக்கு ஒரு தடவை வந்து போறவங்கடா. மிச்ச நாளெல்லாம் பிள்ளையைத் தூக்குறது, குளிப்பாட்டுறது, ஊட்டுறது யாரு, நாங்கதானே? அதுலயே பயிற்சியைக் கலந்தாத்தான் இடுப்பு பலப்படும்னு முதல் நாளே சொல்லிட்டாங்க. ரெண்டு வயசாகப் போகுது, நேத்து வரைக்கும் பிள்ளை நிக்கலை. நானும் லேட்டாத்தான் நடந்தேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறியாமே, பொய்யி. ஒரு வயசுக்குள்ள வாசப்படி தாண்டி ஓடினவன் நீ, என்னைச் சாட்சிக்கு இழுக்காதே. வெந்நீர்கூட வெக்கத் தெரியாத உங்கப்பாவே இப்போ சம்மணம் போட்டுப் பேத்தியை மடியில உக்கார வெச்சுப் பந்து உருட்டுறார், முட்டி வலிக்குதுன்னு ஒரு வார்த்தை இல்லை. நீ கத்தினதுக்கு உன் பொண்டாட்டி, அந்தம்மா போனப்புறம் குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதா. மாமியார் மருமகளுக்குப் பரிஞ்சு பேசுறாளேன்னு சிரிக்காதே, எனக்குச் சிரிப்பு வரலை.

இன்னிக்குக் காலையில துணி துவைக்கிற மெஷின் சுத்துறதை எட்டிப் பார்க்கணும்னு பாப்பா தவழ்ந்து போனா. பக்கத்துல கிடந்த முக்காலியைப் பிடிச்சா, முட்டி போட்டா, அப்புறம் ஒரு காலை ஊணித் தானா எழுந்து நின்னுட்டாடா! காலு வெடவெடன்னு நடுங்குது, பிடியை மட்டும் விடலை. உன் பொண்டாட்டி வாயைப் பொத்திக்கிட்டு அப்படியே நின்னா. அவனுக்குப் போன் போடும்மான்னேன். வேண்டாம் அத்தை, அவருதான் வேலைக்கு ஆள் வெச்சிருக்காரேன்னுட்டா. பெத்தவன் நீ, ஊருக்கெல்லாம் தெரிஞ்சப்புறம் உனக்கு என் கடுதாசியில தெரியுது, நல்லா இருக்கா?

உனக்கும் ஒரு வேலை சொல்லத்தான் நேத்து அந்தம்மா உன்னைக் கூப்பிடச் சொன்னாங்க. பாப்பா இடப்பக்கம் திரும்பவே மாட்டேங்குறா, போனை அந்தப் பக்கம் வெச்சு அப்பன் கூப்பிட்டாத் திரும்புவாளாம். அதைச் சொல்ல விட்டியா நீ?

நல்லா இரு, நோய் நொடி இல்லாம இரு, வேளைக்குச் சாப்பிடு. தினமும் சாயங்காலம் பயிற்சி நேரத்துக்குக் கூப்பிடணும், மறக்காதே. முதல்ல அவகிட்ட மன்னிப்பு, அப்புறம்தான் மகள். நான் சிபாரிசு பண்ண மாட்டேன். அவ எடுக்கலைன்னா, எடுக்குற வரைக்கும் கூப்பிடு.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா