காருக்கு ஊத்துன போர் தண்ணி

மே மாசம், வெள்ளி ராத்திரி

நாளைக்கு வால்பாறை போகணும்னு காரை நானே ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிட்டுப் போனேன். மெக்கானிக் ரேடியேட்டரைத் திறந்து விட்டதும் செவசெவன்னு துருத்தண்ணி கொட்டுச்சு. கூடவே வெள்ளை வெள்ளையா உப்புப் பொருக்கு. "ஏனுங்க அம்மணி, கூலண்ட் ஊத்தாம போர் தண்ணியா ஊத்துனீங்க?"ன்னார். ஊத்துனது நானில்லை, எங்கூட்டுக்காரர். குடிக்க சிறுவாணித் தண்ணி, மத்ததுக்கெல்லாம் போர் தண்ணி. எங்கூட்டுல காரும் அந்த மத்ததுல சேர்த்தி.

எல்லாத்தையும் சுத்தம் பண்ணி, கூலண்ட் ஊத்தி, பிரேக்கையும் பாக்கச் சொல்லி, காரை எடுத்துட்டு வந்து அவர்கிட்ட சொன்னேன். அவருக்குப் பொசுக்குனு கோபம். "இத்தன வருசம் ஓடலையா? உனக்கெதுக்கு இந்த வேலையெல்லாம்? மலை ரோட்டுல நாந்தான் ஓட்டுவேன்"னுட்டுப் படுத்துட்டார். புள்ளைகளோட கொண்டை ஊசி வளைவுல எஞ்சின் கொதிச்சு நின்னிருந்தா? நெனச்சா எனக்குத் தூக்கம் வரல. அவர் குறட்டை விடறார்.

அந்தத் துருத்தண்ணிய ஒரு பாட்டில் புடிச்சு வந்திருக்கேன். காலையில காபி டம்ளருக்குப் பக்கத்துல வெச்சு, "காருக்கு ஊத்துனதுதானுங்க, நீங்க ஒரு மடக்கு குடிங்க, அப்பறம் ஓட்டலாம்"னு சொல்லப்போறேன்.

குடிக்கமாட்டார். சாவி என் தலகாணிக்கடியிலதான் இருக்கு.